தொட்டி மேல் பிண்டூவும் மைமூன் அக்காவும்

மைமூன் அக்காவின் தம்பி காஜா பாயின் அழைப்பு வந்தபோது நான் புனேக்கு வெளியே சாகணில் ஒரு கார்த் தொழிற்சாலையின் பயிற்சிக் கூடத்தில் இருந்தேன். தீயணைப்பானை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தொழிலாளர்களுக்குச் சொல்லித்தரும் ஒரு குறும்படத்தைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதுதான் என் பிழைப்பு.

"சேகர், லாத்தா மவுத்தாயிட்டாங்க" என்றார் காஜா பாய். அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்பார்கள். "காலையில தொழுகைக்கு எழுப்பப் போனோம். அசைவு இல்ல. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்திருங்க."

எதிர்பார்த்த செய்திதான். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்ட பிறகு, வாரத்தில் பாதி நாள் இயந்திரத்தோடு கிடந்து ஓட்டிய உயிர் அது. இந்த வயதில் இழவுச் செய்திகள் வரத்தான் செய்யும் என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும், வரும்போது புதிதாகத்தான் வருகிறது.

சாகணிலிருந்து கேம்பில் இருக்கும் அக்கா வீடு வரை பைக்கில் வருவது ஒரு தண்டனை. லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, புழுதியைத் தின்று நான் போய்ச் சேர்வதற்குள் அக்காவின் உடலோடு ஜனாஸா புறப்பட்டுவிட்டது. நேரே மையவாடிக்குப் போனேன். காஜா பாயும் அவர் மகனும் குழிக்குள் இறங்கி நின்று, கைகளை மேலே நீட்டி அக்காவை வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் போட்டபோது நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன். பிறகு வானவடியில் என் வீட்டுக்கு வந்து குளித்தேன்.

நம் ஊர்த் தமிழர்களின் ஆண்டு மலரில் அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று காஜா பாய் கேட்டுக்கொண்டார். மலரைப் படிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். என் மகளுக்கே இதை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாமல் இருப்பது இன்னும் அலுப்பாக இருக்கிறது.

மைமூன் பீவி அவர்களை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. கேம்பில் குடையும் பையும் விற்கும் கடைக்காரரின் மூத்த மகள் என்றால் சிலருக்கு நினைவு வரலாம். அவருடைய வாப்பா மேலப்பாளையத்திலிருந்து இங்கே பிழைக்க வந்தவர். அக்கா பிறந்தது, வளர்ந்தது எல்லாம் புனேயில். பேச்சு மட்டும் திருநெல்வேலியை விட்டு நகரவில்லை. நடுநடுவே இந்தியும் மராத்தியும் வந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். கணவர் சீக்கிரமே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. தம்பி குடும்பத்தோடு இருந்துகொண்டு, கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பூவும் கொடியும் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஹடப்சர் தொழிற்பேட்டையில் ஒரு கார்ட்டூன் ஸ்டுடியோ தொடங்கியபோது, ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தாமாகவே வந்து வேலை கேட்டவர்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை ஸ்டோரிபோர்டு. கதையை முதலில் கட்டம் கட்டமாகப் பென்சிலில் வரைந்து காட்டுவது. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் உருவங்களை அசைய வைப்பார்கள். நான் தொகுப்பாளனாகச் சேர்ந்த முதல் வாரத்தில், ஓடாத கணினியைத் தமிழில் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். யாருக்கும் புரியாது என்ற தைரியம். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அதுக்குத் தமிழ் தெரியாது தம்பி. இந்தியில திட்டுங்க, கேக்கும்."

திரும்பிப் பார்த்தால் கண்ணாடி போட்ட ஓர் அம்மையார், தலையில் முக்காடு, காதில் பென்சில். அவமானத்தில் என் காது சூடாகிவிட்டது. மதியம் தம் டப்பாவைத் திறந்து, தக்கடி என்னும் அவர்கள் வீட்டு அரிசிமாவுக் கொழுக்கட்டையில் பாதியை என் பக்கம் தள்ளினார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசும் இரண்டே பேர் நாங்கள்தான் என்பதால், மேலதிகாரிகளைப் பற்றிய எங்கள் கருத்துகளை அவர்கள் முன்னாலேயே பரிமாறிக்கொள்ளும் வசதியும் இருந்தது.

எங்கள் ஸ்டுடியோ எடுத்த தொடரின் நாயகன் பெயர் பிஜ்லிராஜ். மின்னல் வேகத்தில் ஓடுவான், மின்சாரத்தைக் கையில் பிடிப்பான், வில்லன் மேல் பஸ்ஸைத் தூக்கி எறிவான். இந்த இடத்தில்தான் அக்காவோடு தகராறு வரும்.

"பஸ்ல ஆளு இருக்கா?" என்பார்.

"அக்கா, இது கார்ட்டூன்."

"கார்ட்டூன்னா என்ன? பஸ்ஸுன்னா ஆளு இருக்கும்லா? கண்டக்டர் இருப்பாரு, பிள்ளைங்க இருக்கும். மொதல்ல எறக்கி விடச் சொல்லுங்க. பொறவு எறியட்டும்."

அவர் வரைந்த கட்டங்களில் எறியப்படுகிற ஒவ்வொரு வண்டியிலிருந்தும் முதலில் ஆட்கள் இறங்கி ஓடுவார்கள். கட்டடம் இடியும் முன் ஒரு மூலையில் ஒருவர் பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார். இயக்குநர்கள் நேரம் போகிறது என்று அலறுவார்கள். அக்கா வேறொரு கட்டத்தை நீக்குவார், ஆனால் இறங்கி ஓடுகிறவர்களை நீக்க மாட்டார். இளைஞர்கள் அவருக்கு டிராஃபிக் போலீஸ் என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஒருநாள் விசில் ஒன்றை வாங்கி வந்து மேஜை மேல் வைத்துக்கொண்டார்.

இப்படி ஒருவர் இருந்த இடத்தில்தான் அந்தப் பிழை நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அதே சேனலில் பர்வத்வீர் என்று இன்னொரு நாயகன் இருந்தான். மலையைத் தூக்குகிறவன். அவனை வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டிருந்தது. விடுமுறைச் சிறப்பாக இரண்டு பேரையும் ஒரே கதையில் சேர்த்து ஓர் எபிசோடு வேண்டும் என்று சேனல் முடிவு செய்தது. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். எங்களுக்குச் சனி பிடித்தது.

இப்படி இரண்டு நாயகர்கள் சேரும் கதைகளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முதலில் இரண்டு பேரும் ஆளை அடையாளம் தெரியாமல் மோதிக்கொள்வார்கள். பிறகு சமாதானமாகி வில்லனை அடிப்பார்கள். அந்த மோதலில் யாரும் தோற்கக் கூடாது. இவன் நான்கு குத்து விட்டால் அவனும் நான்கு குத்து விட வேண்டும். இவன் முகம் திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அவன் முகமும் அவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும். இரண்டு கம்பெனிகளும் ஆளுக்கொரு பக்கம் அளவுகோலோடு உட்கார்ந்துவிட்டார்கள். சம்பந்தி வீட்டார் பந்தியில் இலை எண்ணுவதைப் போல அத்தனை ரோஷம்.

கதையில் கபாடாசுர் என்று ஓர் அரக்கன். பழைய இரும்புக் கடைச் சாமான்களால் ஆனவன். அவன் பிண்டூ என்ற சிறுவனைத் தூக்கிக்கொண்டுபோய் ஓர் உயரமான தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துவிடுகிறான். நாயகர்கள் இருவரும் சேர்ந்து அரக்கனை நொறுக்குகிறார்கள். கடைசியில் பிண்டூவைக் காப்பாற்ற வேண்டும். யார் காப்பாற்றுவது? அங்கேதான் வண்டி நின்றது. பிஜ்லிராஜ் இறக்கினால் அவர்கள் ஒப்பவில்லை. பர்வத்வீர் இறக்கினால் நாங்கள் ஒப்பவில்லை. "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கூட்டத்தை முடித்தார்கள்.

பிறகு யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. எங்கள் நாயகன் முன்னே நிற்கும் காட்சிகளை நாங்கள் எடுத்தோம், அவர்கள் நாயகனுடையதை அவர்கள் எடுத்தார்கள். ஒருவர் பாதியை மற்றவர் பார்த்து, நம்மைவிட அதிகமாகச் செய்துவிடக் கூடாது என்பதற்காக, இரண்டு பாதிகளும் ரகசியமாக மும்பையில் இருந்த சேனலுக்குப் போயின. அங்கேதான் ஒட்டினார்கள். பிண்டூவை அவர்கள் இறக்கிவிட்டிருப்பார்கள் என்று நாங்களும், நாங்கள் இறக்கிவிட்டிருப்போம் என்று அவர்களும் நினைத்துக்கொண்டோம். ஒட்டியவருக்கு அவசரம்.

ஒளிபரப்பான அன்று நாங்கள் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். என் மகளுக்கு அப்போது ஆறு வயதிருக்கும். அரக்கன் நொறுங்கினான். பிஜ்லிராஜும் பர்வத்வீரும் ஒரே உயரத்தில் கைகுலுக்கினார்கள், ஒரே நேரத்தில் சிரித்தார்கள், வாண வேடிக்கை. பெயர்கள் ஓடத் தொடங்கின. என் பெயர் வருகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, பிண்டூ எங்க? பிண்டூ மேல இருக்குல்ல?" என்றாள் மகள்.

நான் அக்காவை அழைத்தேன். அவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"பாத்தேன் தம்பி" என்றார். "புள்ளய அங்கயே விட்டுட்டுப் போயிட்டானுவ."

மறுநாளிலிருந்து போன் வர ஆரம்பித்தது. சேனலுக்கு ஒரு தொலைபேசி எண் உண்டு. குழந்தைகள் அழைத்துத் தங்கள் நண்பர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லலாம், அது பதிவாகும். அந்த எண்ணில் வாழ்த்துக்குப் பதிலாக ஒரே கேள்விதான் வந்தது. "பிண்டூ கீழே வந்துட்டானா?" சில குழந்தைகள் மிரட்டின, சில அழுதன. ஒரு பெண் குழந்தை நிதானமாக, "மழை வருது, அவனை உள்ளே கூப்பிடுங்க" என்று இந்தியில் சொல்லியிருந்தது. எங்கள் தயாரிப்பாளர் தேஷ்பாண்டே சார் இவற்றை வேடிக்கையாக ஸ்டுடியோவில் போட்டுக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றையும் விடாமல் கேட்டார். சிரிக்கவில்லை.

"ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். குழந்தைகள்தானே!" என்றார் தேஷ்பாண்டே சார்.

குழந்தைகள் மறக்கவில்லை. அந்தக் குழந்தைகள் வளர்ந்துவிட, புதிய குழந்தைகள் வந்தார்கள். ஒவ்வொரு விடுமுறைக்கும் சேனல் அந்த எபிசோடை மறுபடி மறுபடி போட்டது. போடும்போதெல்லாம் போன் வந்தது. அக்கா ஒவ்வொரு முறையும் தேஷ்பாண்டே சாரிடம் போய் நிற்பார். "அந்தப் பையனை இறக்கிவிட்டுவிடலாம் சார், கொஞ்ச நேரக் காட்சிதான்." அவரும் நல்ல மனிதர், விரட்டமாட்டார், தட்டிக்கழிப்பார்.

தொல்லை தாங்காமல் ஒருமுறை இரண்டு கம்பெனிகளையும் வீடியோவில் கூட்டினார்கள். இரண்டு நாயகர்களும் ஆளுக்கொரு கையைப் பிடித்துப் பிண்டூவை இறக்கலாம் என்று எங்கள் பக்கம் சொன்னது. அந்தப் பக்கத்திலிருந்து உடனே கேள்வி வந்தது. வலது கை யாருக்கு? நான் தமாஷ் செய்யவில்லை. அதைப் பற்றி உண்மையாகவே விவாதம் நடந்தது.

கடைசியில் அக்கா பேசினார். இந்தியில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"தொட்டிக்கு ஏணி இருக்கு. நான்தான் வரைந்தேன், பின்னாடி தெரியும், பாருங்க. பையன் தானே இறங்கி வரட்டும். இவங்க ரெண்டு பேரும் கீழே நிக்கட்டும்."

மறு கம்பெனியின் அதிகாரி கேட்டார். "பையன் தானாகவே இறங்கிவிட்டால், அப்புறம் நாயகர்கள் எதற்கு?"

"ஒரு குழந்தை அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது கீழே யாராவது நிக்கணும் சார். அது சின்ன வேலையா?"

சின்ன வேலைதான் என்று இரண்டு கம்பெனிகளும் தீர்மானித்தன. முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள்.

எனக்கே அக்கா மேல் எரிச்சல் வந்த நாட்கள் உண்டு. பிடித்தால் குரங்குப்பிடி. வேறு பேச்சே கிடையாது. தேநீர் குடிக்கும்போது பிண்டூ, நோன்புக் கஞ்சியைக் கப்பில் ஊற்றித் தரும்போது பிண்டூ. ஒருநாள் கேட்டே விட்டேன். "அக்கா, அது வெறும் கோடுதானே? உங்களுக்கு என்ன வந்தது?"

அவர் கோபப்படவில்லை. அலுத்துப்போன குரலில்தான் சொன்னார். "நாந்தானே தம்பி அவன மேல ஏத்தி வச்சேன்? அரக்கன் தூக்குத கட்டம், தொட்டி மேல உக்கார வைக்கித கட்டம், எல்லாம் நான் வரஞ்சது. ஏத்தினவுக எறக்கணும்லா? எனக்குன்னு பிள்ளையா குட்டியா. பேரு சொல்ல யாரும் வேணாம். ஒருத்தன மேலயே விட்டுட்டுப் போனவளா இருக்க வேணாம்."



பிறகு நடந்ததெல்லாம் எல்லா ஊரிலும் எல்லா ஸ்டுடியோவிலும் நடப்பதுதான். வேலை குறைந்தது. இளைஞர்கள் ஒவ்வொருவராக பெங்களூருக்கும் மும்பைக்கும் போனார்கள். கணினியே படம் வரைகிறதாம், ஆள் எதற்கு என்றார்கள். ஒரு திங்கட்கிழமை கதவைப் பூட்டிவிட்டார்கள். நான் சாகணுக்குப் போனேன். தேஷ்பாண்டே சார் சேனலிலேயே ஏதோ ஒரு பொறுப்பில் ஒட்டிக்கொண்டார். அக்கா கால் வீக்கம் என்று டாக்டரிடம் போனவர், சிறுநீரகம் போய்விட்டது என்ற செய்தியோடு வீடு திரும்பினார்.

டயாலிசிஸ் என்பது எத்தனை அலுப்பான வைத்தியம் என்பது கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ரத்தம் முழுக்க வெளியே போய் இயந்திரத்தைச் சுற்றிவிட்டு உள்ளே வர வேண்டும். அதுவரை கையை அசைக்காமல் படுத்துக் கிடக்க வேண்டும். முடிந்து வந்தால் அடித்துப் போட்ட மாதிரி அசதி. அசதி தெளிவதற்குள் அடுத்த முறை வந்துவிடும். எல்லாவற்றையும்விடக் கொடுமை தண்ணீர். அளந்துதான் குடிக்க வேண்டும். அக்கா ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டு அதக்கிக்கொண்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

இடது கை இயந்திரத்தில் இருக்க, வலது கையால் மடியில் பலகையை வைத்துக்கொண்டு அவர் வரைந்ததை நான் முதலில் கவனிக்கவில்லை. கவனித்தபோது பாதி ஏணி முடிந்திருந்தது.

"யாரும் கேக்கல அக்கா. ஸ்டுடியோவே இல்ல" என்றேன்.

"ஸ்டுடியோ இல்ல. புள்ள மேலதான் இருக்கான்" என்றார்.

பழைய கோப்புகளிலிருந்து தொட்டியையும் வானத்தையும் தேடி எடுத்தேன். எங்களோடு வேலை பார்த்து இப்போது வெளியூர்களில் இருக்கும் ஒன்றிரண்டு பேர் ஓய்வு நேரத்தில் உருவங்களை அசைய வைத்துக் கொடுத்தார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தொகுத்தேன். வசனம் கிடையாது. யார் முதலில் பேசுவது என்ற சண்டைக்கு அக்கா இடமே வைக்கவில்லை. என் கண்ணுக்கு அது நன்றாகவே வந்திருந்தது. ஆனால் யார் போடுவார்கள்?

தேஷ்பாண்டே சாருக்கு அனுப்பினோம். அவர் மேலே அனுப்பினார். மேலே இருந்தவர் மாறிப் போனார், புதிதாக வந்தவருக்கு மறுபடி அனுப்பினோம். மழைக்காலம் போயிற்று. அக்காவின் எடை இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறை நான் பார்க்கப் போகும்போதும், "ஏதும் சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அந்த மருத்துவமனைப் படி ஏறவே பயமாகிவிட்டது. இது நடக்காமலே இவர் போய்விட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு, பைக் ஓட்டும்போதும் சாப்பிடும்போதும் கூடவே வந்துகொண்டிருந்தது.

அனுமதி கிடைத்தது ஒரு வெற்றி என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மை அப்படி இல்லை. பிஜ்லிராஜும் நின்றுவிட்டான், பர்வத்வீரும் நின்றுவிட்டான். இருவரையும் எடுத்த கம்பெனிகளுக்கு இப்போது அவர்களைப் பற்றிக் கவலையில்லை. சண்டை போட்டவர்கள் எல்லோரும் ஓய்ந்துபோனார்கள். "யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்கப்போகிறது, சேர்த்துவிடுங்கள்" என்று புதிய அதிகாரி ஒரு வரியில் எழுதிவிட்டாராம். தேஷ்பாண்டே சார் போனில் அதைச் சொல்லிவிட்டு, "மைமூன் அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

ஒளிபரப்பு ஒரு ஞாயிறு காலை. அக்காவுக்கு அன்று டயாலிசிஸ் முறை. காஜா பாய் கடையைத் திறக்கப் போக வேண்டியிருந்ததால் நான் கூட இருந்தேன். நீளமான வார்டு, இரண்டு பக்கமும் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் இயந்திரம். சுவரில் ஒரு டிவி, அதில் எப்போதும் மராத்திச் செய்தி. மலையாளி சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சேனலை மாற்றினார். "கார்ட்டூனா?" என்று எதிர்க் கட்டிலில் ஒருவர் முணுமுணுத்தார். ஆனால் ரிமோட் அவர் கையில் இல்லை, எழுந்து வரவும் முடியாது. வார்டு முழுக்கக் கட்டுண்டு கிடந்து அந்தச் சண்டையைப் பார்த்தது.

அரக்கன் நொறுங்கினான். கைகுலுக்கல் முடிந்தது. வழக்கமாகப் பெயர்கள் ஓடும் இடத்தில் படம் தொடர்ந்தது. தொட்டியின் மேல் பிண்டூ எட்டிப் பார்த்தான். கீழே இரண்டு நாயகர்களும் வந்து ஏணிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அண்ணாந்து பார்த்தார்கள். பையன் திரும்பி, ஒரு காலைக் கீழே விட்டு, படியைத் தடவிப் பார்த்தான். அக்கா அவனை அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு படியிலும் அவன் நின்றான். ஓரிடத்தில் பயந்து ஏணியைக் கட்டிக்கொண்டான். நாயகர்கள் பறந்து போய்த் தூக்கவில்லை. நின்ற இடத்தில் நின்றார்கள்.

"ஹளூ ரே பாளா, ஹளூ" என்றார் பக்கத்துக் கட்டிலில் இருந்த மராத்தி தாத்தா. மெதுவா, குழந்தை, மெதுவா. முணுமுணுத்த எதிர்க் கட்டில்காரர் தலையணையில் முழங்கையை ஊன்றி, முடிந்த அளவு நிமிர்ந்தார்.

பிண்டூவின் கால் தரையைத் தொட்டது. அவன் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. தொட்டிக்கு அடியில் இருந்த குழாயைத் திறந்தான். குனிந்து, இரண்டு கையாலும் ஏந்தி, தண்ணீர் குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான். முழங்கை வழியே ஒழுகியது, சட்டை நனைந்தது, அவன் நிறுத்தவில்லை. அந்தக் கட்டங்களை நான் எத்தனையோ முறை வெட்டி ஒட்டியவன். ஆனால் அந்த வார்டில் உட்கார்ந்து பார்க்கும்வரை எனக்கு அது உறைக்கவில்லை. அளந்த தண்ணீரில் வாழ்கிறவர்கள் அத்தனை பேரும் அந்தக் குழந்தை குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில் தாத்தாவின் தொண்டை ஏறி இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அக்கா திரையைப் பார்த்துவிட்டு, வார்டைப் பார்த்தார்.

"பஸ் தம்பி, போதும். நியூஸுக்கே மாத்தச் சொல்லுங்க. பாவம், அவங்க பாக்கட்டும்" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்தடுத்த நாட்களில் நான் தேஷ்பாண்டே சாரை விடாமல் நச்சரித்தேன். அந்தப் பிறந்தநாள் எண்ணில் குழந்தைகள் ஏதாவது சொன்னார்களா? சந்தோஷப்பட்டார்களா? ஒரே ஒரு குரலாவது கிடைத்தால் அக்காவிடம் போட்டுக் காட்டலாம் என்று ஆசை. அவர் ஆள் வைத்துத் தேடச் சொல்லிவிட்டு, சங்கடத்தோடு அழைத்தார். பிண்டூவைப் பற்றி ஒரு போன்கூட வரவில்லை. அத்தனை வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள், ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு மனம் விட்டுப்போயிற்று. இத்தனை பாடும் எதற்கு என்று தோன்றியது. பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அக்காவிடம் என் பொய் எடுபடாது. போனில் அழைத்து உள்ளதைச் சொன்னேன்.

"ஒரு போன்கூட வரல அக்கா."

அக்கா சிரித்தார். பல மாதங்களாக நான் கேட்காத சிரிப்பு அது. மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்தார்.

"வராது தம்பி. என்னத்துக்கு வரும்? அவந்தான் எறங்கிட்டான்லா" என்றார்.

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அக்கா, நீங்கள் நன்றாகக் களைத்துப் போயிருந்தீர்கள். எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது. போய் ஓய்வெடுங்கள், தாகம் தீரத் தண்ணீர் குடியுங்கள். நாங்கள் இன்னும் தொட்டி மேலேதான் இருக்கிறோம். மெதுவாக இறங்கி வருகிறோம்.